அரும்பாவூர் ஆமை வண்டின் நிறம்

நான் வேலை பார்த்த பூச்சிப் பிரிவில் இனிமேல் நிறக் கட்டம் கிடையாதாம். போன மாதம் கலைச்செல்வி கடிதம் போட்டிருந்தார். நான் ஓய்வு பெற்றபோது என் மேசையையும் பீரோக்களையும் ஏற்றுக்கொண்டவர் அவர். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு பூச்சிக்கும் பிடித்த இடம், நாள், இருந்த செடி, நிறம் என்று கட்டங்கள் உண்டு. இப்போது கலர் போட்டோ எடுத்து ஒட்டிவிடுவதால் நிறத்தை வார்த்தையில் எழுத வேண்டியதில்லை என்று முடிவாகிவிட்டது. "அந்தக் கட்டத்தை ரொம்ப வருஷம் எழுதினவர் நீங்கதான் சார். மூடுறதுக்கு முன்னாடி அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தார்.

மூடுவிழாவுக்கு மாலை போட என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நாள் முழுக்க வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எழுத உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான நிறங்களில் இன்றைக்கு என் நினைவில் நிற்பவை மிகக் கொஞ்சம். அது என் கையிலிருந்து பறிபோன காலம்தான் நன்றாக நினைவிருக்கிறது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு வேப்பந்தட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். என்னை எட்டாவது வரை படிக்க வைத்துவிட்டார்கள். அதற்காக அவர்கள் பட்ட பாட்டை எழுதினால் கலைச்செல்விக்குத் தனிப் புத்தகம்தான் அச்சடிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, பயிர்ப் பூச்சிகளை ஆராயும் சிறு முகாம் ஒன்று பெரம்பலூருக்கு வந்தது. ஒரு வாடகைக் கட்டடம், நான்கு மேசை, மூன்று பீரோ, ஓர் அதிகாரி. வலை பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு வலை பிடிக்கத் தெரியாது. பூச்சி பிடிக்கத் தெரியும் என்றேன். தற்காலிக வேலை என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த அதிகாரி நடேசன் சார். ஒல்லி உடம்பு, எப்போதும் பொத்தான் போட்ட கோட்டு, கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி, தூரப் பார்வைக்கு ஒரு கண்ணாடி. நான் முதல் நாள் உள்ளே போனபோது தலை நிமிர்ந்து, "வாங்க சின்னச்சாமி, உக்காருங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த எவரும் என்னை 'வாங்க' என்று சொன்னதில்லை. எங்கள் அப்பாவையே சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் கிணற்றில் குதி என்றால் குதித்திருப்பேன்.

அவர் குரலை உயர்த்தியதில்லை. பாராட்டியதும் இல்லை. நான் ஊசி குத்தி அடுக்கிய பெட்டியை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பிடித்திருந்தால், "அடுத்த பெட்டி" என்பார். அதுதான் பாராட்டு. பிடிக்கவில்லை என்றால் பெட்டியைச் சத்தமில்லாமல் என் பக்கம் நகர்த்திவிடுவார். ஆறு மாதத்தில் பெட்டி என் பக்கம் நகர்வது நின்றது.

அவரிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. முதலாவது, ஈரம் ஆகாது. யுத்தத்தால் பூச்சிக்கென்றே செய்த சீமை ஊசிகள் வரவில்லை. சாதாரண இரும்புக் குண்டூசியை வைத்து ஒப்பேற்றினோம். கொஞ்சம் ஈரம் பட்டால் துருப்பிடித்துப் பூச்சியையே தின்றுவிடும். மழைக்காலத்தில் அவர் பீரோவைத் திறப்பதற்கு முன் கையைத் துண்டால் மூன்று முறை துடைத்துக்கொள்வார். இரண்டாவது, ஒரு பூச்சியின் ஊசியில் குத்திய லேபிளை யாரும் எடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. தப்பாகவே இருந்தாலும் அப்படியே இருக்க வேண்டும். சரியானது தெரிந்தால் அதன் கீழே இன்னொரு லேபிள் குத்தலாம். மூன்றாவதுதான் அவருக்கு உயிர். "பாத்ததை எழுதுங்க சின்னச்சாமி. கேட்டதை எழுத வேண்டாம். கேட்டதை எழுத ஆரம்பிச்சா ஊர்க்கதை எல்லாம் பதிவேட்டுக்குள்ள வந்துடும்."

நிறம் எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பிடித்த வண்டைச் சயனைடு புட்டியில் போட்டு, செத்ததும் வலது இறக்கை மூடியில் ஊசி குத்தி, உலர்பெட்டியில் மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். எறும்பு ஏறிவிடும் என்பதால் இடையில் திறக்கக் கூடாது. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு வடக்கு ஜன்னலடியில் வெள்ளைத் தாள் விரித்து, வண்டின் தலை ஜன்னலைப் பார்க்க ஒரு தடவை, வால் பார்க்க ஒரு தடவை, பிறகு இடம், வலம் என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் நிறத்தைச் சொல்ல வேண்டும்.

இத்தனை பாடும் பொன்வண்டால் வந்தது. ஆவணி மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்து வேல மரங்களில் பொன்வண்டு இறங்கும். தீப்பெட்டியில் இலையோடு போட்டு வைத்து விளையாடாத பிள்ளை இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. அதன் முதுகு பச்சை என்று சொன்னால் சாய்த்ததும் செம்பாகும். செம்பு என்று எழுதப் போனால் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்க்கும். சாருக்கு இரண்டு கண்ணாடி இருந்தும் இந்த நுணுக்கம் பிடிபடவில்லை. நான் பக்கத்தில் நின்று, "வேப்பங்கொழுந்துப் பச்சைங்க. சாய்ச்சா புதுச் செப்புக் குடம். ஓரத்துல மயில் கழுத்து" என்பேன். அவர் யோசித்து, அதை ஆங்கிலமாக்கிப் பதிவேட்டில் எழுதுவார். சில மாதத்தில் நிறக் கட்டமே என் பொறுப்பு என்றாகிவிட்டது. நான் சொல்ல அவர் எழுதுவார். அந்தப் பத்து மணி வேளைகளுக்காகத்தான் நான் காலையில் கண் விழித்தேன் என்று சொன்னால் மிகை இல்லை.

ஒரு நாள் அவர் எனக்கு ஒன்றைக் காட்டினார். ஒரு கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட் ஊற்றிச் செம்பருத்தி இதழைப் போட்டார். இன்னொன்றில் பொன்வண்டின் இறக்கை மூடியைப் போட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் செம்பருத்திக் குழாய் சிவந்திருந்தது. பொன்வண்டுக் குழாயில் ஸ்பிரிட் கிணற்றுத் தண்ணீரைப் போலச் சுத்தமாக, ஒரு நிறமும் ஒட்டாமல் இருந்தது. அந்த இறக்கையை அம்மியில் வைத்து நுணுக்கினால் வெறும் கருப்புத் தூள்தான் வந்தது.

"இதுல சாயமே இல்லைங்க" என்றார் சார். "மெல்லிசு மெல்லிசா படலம் அடுக்கியிருக்கு. தண்ணி மேல சிந்தின மண்ணெண்ணெய் வர்ணம் காட்டுதே, அந்த மாதிரி வெளிச்சம் பண்ற வேலை. சாயம் இருந்தாத்தானே வெளுக்கும்? இது வெளுக்காது. நம்ம பேரன் வந்து பெட்டியைத் திறந்தாலும் இப்படியேதான் இருக்கும்."

அது உண்மைதான். அன்றைக்கு அடுக்கிய பொன்வண்டுகள் இன்றைக்கும் கலைச்செல்வியின் பீரோவில் மின்னுகின்றன. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தப்பைச் செய்தோம். மின்னுகிற வண்டு எல்லாம் பொன்வண்டு மாதிரிதான், உலர்ந்த பிறகு நிதானமாக நிறம் எழுதிக்கொள்ளலாம் என்று நம்பிவிட்டோம்.

அடுத்த வருடம் கார்த்திகையில், அரும்பாவூர்ப் பக்கம் சர்க்கரைவள்ளிக் கொடியில் இலையெல்லாம் சல்லடையாகிறது என்று முகாமுக்குச் செய்தி வந்தது. சார் என்னை அனுப்பினார். கரி பஸ்ஸில் போனேன். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸின் பின்னால் அடுப்பு மூட்டிக் கரிப் புகையில் ஓட்டுவார்கள். மேட்டைக் கண்டால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். பாதி தூரம் பஸ் என்னைச் சுமந்தது, பாதி தூரம் நான் பஸ்ஸைச் சுமந்தேன்.

மலையடிவாரத்தில் கிணற்றை ஒட்டி இரண்டு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கிழங்கு போட்டிருந்தவர் பச்சையம்மாள். நாற்பது வயது இருக்கும். ஆபீஸ் சட்டையோடு நான் கொடிக்குள் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வரப்பில் வந்து நின்றார்.

"என்னாங்க தேடுறீங்க? மூக்குத்தி கீக்குத்தி வுழுந்துடுச்சுங்களா?"

பூச்சி பிடிக்க வந்திருக்கிறேன் என்றேன். எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். சொன்னேன். உடனே அவர் முகம் இளகிவிட்டது. 'ங்க' போய்விட்டது.

"அட, நம்ம புள்ளதானா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா தம்பி? இந்தா, இந்த எலையத் திருப்பிப் பாரு."

திருப்பினேன். என் ஆயுளில் அதுபோல ஒன்றை நான் பார்த்ததில்லை. விரல் நகம் அளவு ஒரு வண்டு. ஆமை ஓடு மாதிரி வட்டமான மூடி. அதன் விளிம்பு கண்ணாடி, கீழே இருந்த இலை நரம்பு தெரிந்தது. நடு முதுகு முழுக்கப் பொன். மஞ்சள் இல்லை, மினுக்கும் இல்லை, அப்போதுதான் உருக்கி ஊற்றிய பொன். அது நகர்ந்தபோது பொன்னுக்குள் ஒளி அசைந்தது. குறிப்பேட்டை எடுத்து, "நிறம்: பொன். விளிம்பு கண்ணாடி" என்று எழுதினேன். சாரிடம் இதைக் காட்டப் போகிறோம் என்ற சந்தோஷம்.

பன்னிரண்டு வண்டுகளைப் புட்டியில் போட்டேன். பச்சையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொண்டுபோயி என்னா தம்பி பண்ணப் போற? உசுரு இருக்கறவரைக்கும்தான் இந்தப் பவுசெல்லாம். செத்துச்சுன்னா மண்ணாட்டம் ஆயிடும். எம் மவ இத நெத்தியில பொட்டாட்டம் ஒட்டிக்கிறேன்னு எடுத்து வச்சா. மறுநா பாத்தா புளியங்கொட்டத் தோலாட்டம் கெடக்கு. ஒரே அழுக."

நான் சிரித்தேன். "எங்க ஆபீஸ்ல பொன்வண்டு ரெண்டு வருஷமா மின்னிக்கிட்டு இருக்கு அக்கா. இதுல சாயம் கெடயாது, வெளுக்காது" என்றேன்.

"அப்படியா? நீ படிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் களை வெட்டப் போனார். அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை. கேட்டதை எழுதக் கூடாது அல்லவா.

சாயங்காலம் முகாமுக்கு வந்து ஊசி குத்தியபோதுகூடப் பொன் இருந்தது. கொஞ்சம் மங்கியதாகத் தோன்றியது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உலர்பெட்டியில் வைத்து மூடினேன். சார் செட்டிகுளத்துக்குப் போயிருந்தார். அவர் வந்ததும், "பொன் நிறத்துல ஒண்ணு கெடச்சிருக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

நான்காம் நாள் பத்து மணிக்கு ஜன்னலடியில் தாள் விரித்து, சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு பழுப்பு வண்டுகள். காய்ந்த சருகின் நிறம். ஒன்றில்கூடப் பொட்டுப் பொன் இல்லை.

சார் குறிப்பேட்டைப் பார்த்தார். வண்டைப் பார்த்தார். நான்கு பக்கமும் திருப்பினார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் திருப்பினார்.

"பொன் எங்கங்க?"

"இருந்துச்சுங்க சார். நான் பாத்தேன்."

"வெயில்ல பாத்தீங்களோ?"

"எலைக்கு அடியிலதாங்க. நெழல்ல."

அவர் பேனாவை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பூச்சி பொய் சொல்லாதுங்க, சின்னச்சாமி."

அவர் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது எனக்குத்தானே வந்து சேர வேண்டும். நான் ஆசையில் கூட்டி எழுதிவிட்டேன் என்று அவர் நினைத்தார். இல்லையென்றால் வேறு வண்டைப் பார்த்துவிட்டு வேறு வண்டைப் பிடித்துவந்திருக்கிறேன். எது என்றாலும் இனி என் கண்ணை நம்ப முடியாது. நிறக் கட்டம் எழுதுகிறவனுக்குக் கண்தான் எல்லாம்.

நியாயமான மனிதர். அப்படியே விட்டுவிடவில்லை. தை பிறந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு அரும்பாவூருக்கு வந்தார். போகும் வழியில் கரி பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பச்சையம்மாள் சொன்னது அப்போதுதான் சுருக்கென்று நினைவுக்கு வந்தது. உயிர் போனால் மண் மாதிரி ஆகிவிடும் என்று அந்த அக்கா சொன்னாரே. வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நாற்பது வருடமாக யோசித்துவிட்டேன். கேட்டதை எழுதக் கூடாது என்ற சட்டம் ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், எனக்கு வெட்கமாக இருந்தது. களை வெட்டுகிற பெண் சொன்னதை அவர் முன்னால் சாட்சியாக வைத்தால், நானும் காட்டு வேலைக்காரன்தான் என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். 'வாங்க' என்று கூப்பிட்ட நாற்காலியின் பக்கமே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பச்சையம்மாள் இருந்த இடத்தில் எங்கள் அம்மா இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழங்கைப் பறித்து, கொடியை மாட்டுக்குப் போட்டுவிட்டு, நிலத்தை உழுது விட்டிருந்தார்கள். பச்சையம்மாள் கடலை பறிக்க வேறு ஊருக்குப் போயிருந்தார். சார் வெறும் மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போகலாங்க" என்றார்.

மறுநாள் என் குறிப்பேட்டில் 'பொன்' என்ற சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. மேலே 'மங்கிய பழுப்பு' என்று எழுதி, ஓரத்தில் 'நிறம் இனி நானே எழுதுவேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லாம் ஆங்கிலத்தில். அந்த அளவு ஆங்கிலம் அதற்குள் எனக்கு வந்துவிட்டிருந்தது, வராமலே இருந்திருக்கலாம். என்னை நிரந்தரமாக்கக் கேட்டுப் போக வேண்டிய கடிதம் அந்த வருடம் போகவில்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகும் 'வாங்க' என்றார், 'உக்காருங்க' என்றார், 'அடுத்த பெட்டி' என்றார். பத்து மணிக்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. நான் என் மேசையில் ஊசி குத்திக்கொண்டு, அவர் ஜன்னலடியில் தனியாகப் பொன்வண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது மயில் கழுத்துங்க சார், வெறும் நீலம் இல்லை என்று சொல்ல வாய் துடிக்கும். அவர் நீலம் என்று எழுதி மூடிவிடுவார்.

யுத்தம் முடிந்த பிறகு அவருக்கு வடக்கே தூரத்துக்கு மாற்றலாயிற்று. அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட நான்தான் போனேன். பெட்டி படுக்கையை ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். சுண்ணாம்புத் தூசி படிந்த கோட்டைத் தட்டிக்கொண்டே, "ஊசி குத்துறதுல உங்க கைக்கு ஈடு இல்லைங்க சின்னச்சாமி. எங்க போனாலும் சொல்லுவேன்" என்றார். முதலும் கடைசியுமாக அவர் வாயால் பாராட்டினார். கையைப் பற்றிச் சொன்னார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வண்டி நகர்ந்தபோது நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நடந்தது இது. பழைய பெட்டிகளைச் சரிபார்த்தபோது அந்தப் பழுப்பு வண்டுகளில் சிலவற்றுக்குக் கால் மடங்கியிருந்தது. காய்ந்த பூச்சியின் காலை அப்படியே இழுத்தால் முறிந்துவிடும். மூடியுள்ள பெட்டியில் ஈர மணல் பரப்பி, பூசணம் பிடிக்காமல் இரண்டு சொட்டு கார்பாலிக் விட்டு, பூச்சியை உள்ளே வைத்தால் ஓரிரு நாளில் இளகிவிடும். சாருக்கு இந்த ஈரப் பெட்டியே பிடிக்காது. அவர் இருந்தவரை நாங்கள் அதைத் திறந்ததில்லை. அவர்தான் இல்லையே என்று இரண்டு வண்டுகளை வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை மூடியைத் திறந்தேன். ஈர மணல் மேல் இரண்டு வண்டுகளும் பொன்னாக இருந்தன.

உயிரோடு இருந்தபோது கண்ட பொன் இல்லை, அதில் முக்கால்வாசி. ஆனால் பொன். நான், "சார்" என்று கூப்பிட்டுவிட்டேன். அறையில் யாரும் இல்லை. வடக்கு ஜன்னலடியில் தாள் விரித்து அவற்றை வைத்தேன். என் கண் முன்னாலேயே, ஓர் உலை கொதிக்கிற நேரத்துக்குள், பொன் வடிந்து பழுப்பானது. பொன்வண்டில் படலங்கள் இறுகி உலர்ந்தவை, இதில் படலங்களுக்கு நடுவே ஈரம் இருக்கிறது, ஈரம் வற்றினால் பொன்னும் போய்விடும் என்பதெல்லாம் பல வருடம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கண்டது கண்டதுதான்.

அன்றைக்கே லீவு போட்டு அரும்பாவூருக்கு ஓடினேன். பச்சையம்மாள் கிணற்றடியில் இருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இத சொல்லவா பஸ் ஏறி வந்த? நாந்தான் அன்னைக்கே சொன்னேனே தம்பி. நீதான் ஆபீசு கதயெல்லாம் சொன்ன."

அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வந்து சாருக்குக் கடிதம் எழுதினேன். நனைத்தால் பொன் திரும்புகிறது என்றும், உயிரோடு இருந்தபோது பொன்தான் என்றும் எழுதி, மாத்திரை டப்பியில் பஞ்சு வைத்து அந்த இரண்டு வண்டுகளையும் ஊசியோடும் லேபிளோடும் அனுப்பினேன். கீழே என் பெயரைப் போட்டேன். பச்சையம்மாள் பெயரை எழுதவில்லை. அப்போதும் எழுதவில்லை.

பதில் வரவில்லை. டப்பி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. ஒரு வருடம் வரை தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவேன். அவருக்கே சங்கடமாகி, என்னைக் கண்டால் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவார். பிறகு முகாம் பெரிய பிரிவாயிற்று, நான் நிரந்தரமானேன், நிறக் கட்டம் மறுபடி என் கைக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை நானே எழுதினேன். பிடித்த இடத்திலேயே, பூச்சிக்கு உயிர் இருக்கும்போதே நிறத்தை எழுது என்று பின்னால் வந்தவர்களை விரட்டினேன். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அந்த ஜன்னலடியில் உட்காரும்போது எதிரே ஒரு நாற்காலி காலியாக இருப்பதாகவே எனக்குப் படும். நடேசன் சார் காலமான செய்திகூட நாலு பேர் வாய் மாறித்தான் எனக்கு வந்தது. ஒரு கார்டு போட்டிருக்கலாம் அந்த மனிதர். 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை.

இத்தோடு முடித்துக் கட்டுரையைத் தபாலில் சேர்க்கலாம் என்றிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வியே என் வீட்டுக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். மடியில் ஒரு சிறு மரப்பெட்டி. நடேசன் சாரின் மகள், அப்பாவின் சொந்தச் சேகரிப்பு என்று அதைப் பிரிவுக்குக் கொடுத்திருக்கிறார்.

"இதுல உங்க பேரு இருக்கு சார். அதான் நேர்ல எடுத்துட்டு வந்தேன்."

திறந்தேன். மூலையில் என் இரண்டு ஆமை வண்டுகள். ஒன்று நான் அனுப்பியபடியே, மீசை முறியாமல் இருந்தது. இன்னொன்றுக்குக் கால் ஒன்றுகூட இல்லை. ஊசி துருவேறித் தடித்திருந்தது. லேபிளில் மை கரைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக நீர்க்கறை வட்டங்கள்.

"இந்த ஒண்ணு கெட்டுப் போச்சு சார். சரியாப் பாதுகாக்கல போல. ஈரம் பட்டிருக்கு" என்றார் கலைச்செல்வி.

நான் தலையை ஆட்டினேன். ஒரே பெட்டியில் இருந்த இரண்டு வண்டில் ஒன்றுக்கு மட்டும் எப்படி ஈரம் படும்? பீரோவைத் திறக்க மூன்று முறை கை துடைத்தவர், ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்னொன்றை நனைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை அல்ல. துருவையும் வட்டங்களையும் பார்த்தால் வருடக் கணக்காக, கால்கள் எல்லாம் உதிரும் வரை பார்த்திருக்கிறார்.

பத்திரமாக இருந்த வண்டின் ஊசியில், என் பழைய லேபிளுக்குக் கீழே அவர் கையெழுத்தில் இன்னொரு லேபிள் இருந்தது. லென்ஸ் கேட்டு வாங்கிப் படித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நனைத்தால் பொன்: கண்டேன். உயிரோடு பொன்: கேட்டேன், சின்னச்சாமியிடம்.'

கேட்டதை எழுதாதே என்றவர். அவர் எழுதிய பல்லாயிரம் லேபிள்களை நான் கையால் தொட்டிருக்கிறேன். கேட்டு எழுதியது இந்த ஒன்றுதான்.

கலைச்செல்வி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"நனைச்சுப் பாக்கலாமா சார்? பொன் வருதான்னு?"

"வேணாம்மா. அந்த ஊசி இனிமே தாங்காது. இன்னொண்ணை அவரே தொடாம வச்சிருக்காரு, நாம தொடக் கூடாது" என்றேன். எனக்கு அந்தப் பொன்னைப் பார்க்க ஆசை இல்லாமலா? செத்துப்போகும் அளவுக்கு ஆசை. ஆனால் அதைவிட முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருந்தது.

லேபிள் வெட்டுகிற அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்தார். என் கையெழுத்து இப்போது நடுங்குகிறது, நீயே எழுது என்றேன்.

"என்ன எழுதணும் சார்?"

"சின்னச்சாமி கேட்டது பச்சையம்மாளிடம், அரும்பாவூர்."

எழுதிவிட்டு நிமிர்ந்தார். "யாரு சார் அவங்க?"

"நெறத்தைச் சரியாச் சொன்னவங்க" என்றேன்.

கலைச்செல்வி வண்டை அசைக்காமல், அந்தச் சிறு அட்டையை ஊசியின் அடியிலிருந்து மேலே தள்ளி, சாரின் லேபிளுக்குக் கீழே நிறுத்தினார். ஊசியில் மூன்று லேபிளுக்குத்தான் இடம் இருந்தது.